செவ்வாயின் மேல் ஒரு வழக்கு

பிறர் மேல் ஒரு பழியைச் சுமத்துவதற்கு நாம் எவ்வளவு சாட்சியம் கேட்கிறோம்? அதே பழியை நாம் சுமக்க வேண்டி வந்தால் எவ்வளவு சாட்சியம் கேட்போம்? இந்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கிற மனிதனையே நேர்மையானவன் என்று சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். நானே அந்தக் கணக்கில் தேறுவேனா என்ற சந்தேகம் சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் எனக்கு உண்டாயிற்று.

கே.கே. நகர் சிவன் பூங்காவில் நான் தினமும் மாலையில் நான்கு சுற்று நடந்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்காருவது வழக்கம். அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. தணிக்கை வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வவுச்சர் இல்லாத ஒரு ரூபாய்ச் செலவைக்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் நடக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அதை என்னிடம் நீட்டினார். அதில் ஒரே ஒரு வரி இருந்தது.

"செவ்வாய் பொருந்தவில்லை. மன்னிக்கவும்."

"இது ஏழாவது இடம் சார்" என்றார் நண்பர்.

அவருடைய மகளுக்கு வயது முப்பத்திரண்டு. நல்ல படிப்பு, நல்ல வேலை, அதைவிட நல்ல குணம். தெருவில் எதிர்ப்பட்டால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற பெண். அவளைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர் யாரும் இல்லை. அவளைப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு கட்டத்தில் எழுதியிருந்த ஓர் எழுத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய் தோஷம் என்றால் என்ன என்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. லக்கினத்திலிருந்து எண்ணி இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம். அப்படிப்பட்ட பெண்ணைத் தோஷம் இல்லாதவன் மணந்துகொண்டால் அவன் ஆயுளுக்குக் கேடு என்பது நம்பிக்கை. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் ஐந்து தோஷ வீடுகள். கணக்குத் தெரிந்த நண்பரிடமே கேட்டேன். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வரும் என்றார். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார்த்தால் இன்னும் கூடும். பிறகு, மேஷத்திலும் விருச்சிகத்திலும் ஆட்சி பெற்றால் விலக்கு, மகரத்தில் உச்சம் பெற்றால் விலக்கு என்று சில வாசல்களும் உண்டு. அந்த வாசல்கள் யாருக்குத் திறக்கின்றன என்பது பல சமயம் ஜாதகத்தைப் பொறுத்ததாக இல்லை. சம்பந்தம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"செவ்வாயிலிருந்து வந்த கல் ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது, தெரியுமா?"

"கல்லா? செவ்வாயிலிருந்தா?" என்று அவர் நிமிர்ந்தார்.

அந்தக் கல்லின் கதையை அவருக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

1865ஆம் வருஷம் ஆகஸ்டு 25ஆம் தேதி காலை ஒன்பது மணி. பீகாரில் கயை ஜில்லாவில் ஷெர்காட்டி என்ற ஊரின் பக்கத்தில் ஆகாயத்திலிருந்து வெடிச் சத்தத்தோடு ஒரு கல் விழுந்தது. எடை சுமார் ஐந்து கிலோ. அதிகாரிகள் அதை வாங்கி ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அதில் பெரும் பகுதி இன்றும் கல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வசத்தில் இருக்கிறது. ஊரின் பெயரே கல்லுக்கும் பெயராயிற்று. உலக நூல்களில் அதற்கு 'ஷெர்காட்டி' என்றே பெயர்.

கல்லின் ஒரு துண்டு ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1872இல் வியன்னா நகரத்து குஸ்தாவ் செர்மாக் என்ற அறிஞர் அதை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். பத்தில் ஏழு பங்கு பைராக்சீன் என்ற தாதுப் பொருள். எரிமலைக் குழம்பு இறுகினால் உண்டாகிற கற்களில், நம் தக்காணத்துக் கருங்கற்களிலேகூட, அந்தத் தாது உண்டு. மீதியில் பெரும் பகுதி கண்ணாடி போன்ற ஒரு புதுப் பொருள். லண்டன் அறிஞர் மாஸ்கலின் என்பவரை நினைத்து அதற்கு 'மாஸ்கலினைட்' என்று செர்மாக் பெயர் வைத்தார். அது எப்படி உண்டாயிற்று என்பது அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1963இல்தான், சாதாரணமான ஒரு தாதுவைப் பயங்கரமான வெடி அதிர்ச்சிக்கு உள்ளாக்கினால் அது உருகாமலே இப்படிக் கண்ணாடியாக மாறிவிடுகிறது என்று சோதனை செய்து காட்டினார்கள். அதாவது, இந்தக் கல் எப்போதோ, எங்கேயோ, தாங்க முடியாத ஓர் அடியை வாங்கியிருக்கிறது.

எங்கே? அதுதான் கேள்வி. பிரான்சில் 1815இல் ஷாசின்யி என்ற இடத்தில் விழுந்த கல்லும், எகிப்தில் 1911இல் நக்லா என்ற இடத்தில் விழுந்த கற்களும் ஏறக்குறைய இதற்கு உறவு என்று தெரிந்தது. மற்ற விண்கற்களில் பெரும்பாலானவை சூரிய மண்டலம் தோன்றிய காலத்தவை. வயது ஏறக்குறைய 456 கோடி வருஷம். நக்லா கல்லுக்கோ 130 கோடி. ஷெர்காட்டிக்குப் பதினேழு கோடிதான். ஆகாயக் கற்களில் இவை குழந்தைகள். சிறு கோள்களெல்லாம் என்றோ ஆறிக் குளிர்ந்துவிட்டன. அவ்வளவு பின்னாலும் எரிமலைக் குழம்பு பொங்க வேண்டுமானால், அது ஒரு பெரிய கிரகமாகத்தான் இருக்க வேண்டும். 1970களின் கடைசியில் சிலர் மெதுவாக, 'செவ்வாயாக இருக்கலாமோ?' என்று கேட்டார்கள்.

உடனே மற்றவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. செவ்வாயின் பிடியை விட்டு ஒரு கல் வெளியேற வேண்டுமானால் வினாடிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் எறியப்பட்ட கல் உருகிப் போகாதா என்று கேட்டார்கள். செவ்வாயிலிருந்து கல் வரும் என்றால் பக்கத்திலிருக்கிற சந்திரனிலிருந்து ஏன் ஒன்றுகூட வரவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். 1982 ஜனவரியில் தென் துருவத்துப் பனியில் சந்திரனின் கல் ஒன்று கிடைத்த பிறகுதான் இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தது. சந்திரனிலிருந்து உருகாமல் ஒரு கல் வர முடிந்ததைப் பார்த்தபோது முதல் கேள்வியின் வேகமும் குறைந்தது.

அதற்கு முன்பே 1976இல் வைக்கிங் என்ற இரண்டு விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி, அங்குள்ள காற்றை அளந்து எண்களைப் பூமிக்கு அனுப்பியிருந்தன. தென் துருவத்தில் கிடைத்த இன்னொரு கல், ஷெர்காட்டியின் இனத்தைச் சேர்ந்தது, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அந்தக் கல்லில் அங்கங்கே கண்ணாடிக் குமிழ்கள். அடி வாங்கிய அந்தக் கணத்தில் சுற்றியிருந்த காற்று அவற்றில் அடைபட்டுப் போயிருந்தது. போகார்டு, ஜான்சன் என்ற இருவர் அதைச் சூடாக்கி, உள்ளே இருந்த வாயுக்களை வெளியே வரவழைத்து அளந்தார்கள். ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவை இருந்த விகிதம் வைக்கிங் அனுப்பிய எண்களோடு ஒத்துப்போயிற்று. இது 1983இல். அடுத்த வருஷம் நைட்ரஜனும் ஒத்துப்போயிற்று. பிராணவாயுவின் அணு வகைகளோ ஷெர்காட்டியிலும், நக்லாவிலும், இதிலும் ஒரே மாதிரியாக, பூமியின் கற்களுக்கு மாறாக இருந்தன. எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள்!

ஒரு பெரிய மோதலில் செவ்வாயின் தரை சிதறி, அதில் சில துண்டுகள் வான்வெளியில் லட்சக்கணக்கான வருஷங்கள் அலைந்து, கடைசியில் பூமியில் வந்து விழுந்திருக்கின்றன. இதுவரை பதிவான விண்கற்கள் எழுபதாயிரத்துக்கு மேல். அவற்றில் செவ்வாயுடையவை என்று தீர்மானமானவை நானூறு அளவில்தான் இருக்கும். நம் முன்னோர் செவ்வாயைப் பூமியின் மகன் என்று சொன்னார்கள். மகன் அனுப்பிய கல், தாயின் மடியில் பீகாரில் வந்து விழுந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் 1865இல் விழுந்த கல்லுக்கு 1983இல்தான் ஊர் தெரிந்தது என்கிறீர்கள்" என்றார். தணிக்கைக்காரர் அல்லவா? கழித்துப் பார்த்து, "நூற்றுப் பதினெட்டு வருஷம்" என்று முடித்தார்.

ஆம், நூற்றுப் பதினெட்டு வருஷம். அத்தனை காலமும் அந்தக் கல்லைக் கையில் வைத்திருந்தவர்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'தெரியாது' என்றே சொன்னார்கள். தவறாகச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான். எந்தப் பெண்ணின் வாழ்வும் அதனால் கெடாது. இருந்தாலும், ஒரு கல்லைச் செவ்வாயின் கல் என்று சொல்வதற்கு அத்தனை பொறுமை, அத்தனை குறுக்கு விசாரணை. ஆனால் ஒரு பெண்ணைச் செவ்வாயின் பெண் என்று சொல்வதற்கு அரை நிமிஷம் போதுமானதாக இருக்கிறது.

இதை நான் சொன்னதும் நண்பர் வாதத்துக்கு வந்தார். தம் மகளுக்கு எதிரான கட்சியையே அவர் எடுத்துப் பேசியதுதான் வேடிக்கை.

"சார், நம்புவதில் என்ன நஷ்டம்? உண்மையாக இருந்தால் தப்பித்தோம். பொய்யாக இருந்தால் போகட்டும். ஓர் எச்சரிக்கைதானே? அதோடு, உங்கள் விஞ்ஞானிகள் மட்டும் தவறு செய்யவில்லையா? செவ்வாய்க் கல்லில் உயிர் இருக்கிறது என்று சொன்னார்களே!"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னேன். தவறு செய்தார்கள், நிறையச் செய்தார்கள். 1984இல் தென் துருவத்தில் கிடைத்த ஒரு கல் பல வருஷம் வேறு கோளின் பெயரில் பெட்டியில் கிடந்தது; 1993இல்தான் அது செவ்வாயுடையது என்று கண்டுபிடித்துச் சீட்டை மாற்றினார்கள். அதே கல்லில்தான் பண்டைய உயிர்களின் அடையாளம் இருப்பதாக 1996 ஆகஸ்டில் சிலர் அறிவித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார். உலகம் முழுவதும் பரபரப்பு. பிறகு என்ன நடந்தது? அவர்கள் காட்டிய அடையாளம் ஒவ்வொன்றையும் மற்றவர்கள் எடுத்து, உயிர் இல்லாமலும் இது உண்டாகலாமே என்று சோதித்துப் பார்த்தார்கள். உண்டாகலாம் என்று தெரிந்தது. இன்று பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் அந்த அறிவிப்பை ஒப்புக்கொள்வதில்லை. ஜனாதிபதி பேசிவிட்டாரே என்பதற்காக யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. தோற்றுப் போகத் தயாராக இருந்த ஒரு கருத்து, அது. நம் வீட்டு நம்பிக்கைக்கோ தோற்கிற வழியே கிடையாது. தோஷமுள்ள பெண்ணின் கணவன் இறந்தால் செவ்வாய் காரணம்; எண்பது வயது வரை நன்றாக இருந்தால் எங்கோ ஒரு விலக்கு இருந்திருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம். செவ்வாய் உண்மையிலேயே ஓர் உயிரைக் கொன்றதாக, நாளும் இடமும் குறித்து ஒரு பிராது உண்டு. நக்லாவில் கற்கள் விழுந்த சமயத்தில் ஒரு கல் தன் கண்ணெதிரே ஒரு நாயின் மேல் விழுந்து அதைக் கொன்றுவிட்டதாக எகிப்து தேசத்துக் குடியானவர் ஒருவர் சொன்னார். பத்திரிகையில் வந்தது. இன்று வரை பலர் அதைச் சுவையாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் விசாரித்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்ன தேதியும் இடமும் மற்றப் பதிவுகளோடு பொருந்தவில்லை; நாயும் கிடைக்கவில்லை, கல்லும் கிடைக்கவில்லை. ஒரு நாயின் சாவை அந்தக் கிரகத்தின் கணக்கில் எழுதுவதற்கே சாட்சியம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். நாமோ இன்னும் மணமே ஆகாத ஒரு பெண்ணுக்கு வரப்போகும் கணவனின் சாவை முன்கூட்டியே அவள் கணக்கில் எழுதிவிடுகிறோம்!

இனி, முதல் கேள்வி. நம்புவதில் என்ன நஷ்டம்?

கிளிஃபர்டு என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1877இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய கப்பல் ஒன்று. அதன் சொந்தக்காரனுக்கு அது பிரயாணத்தைத் தாங்குமா என்று உள்ளூரச் சந்தேகம். பழுது பார்த்தால் செலவாகும். ஆகவே சந்தேகத்தை அடக்கிக்கொண்டு, கப்பல் நல்ல கப்பல்தான் என்று மனப்பூர்வமாக நம்பி அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. மனப்பூர்வமாக நம்பினான் என்பதற்காக அவனை மன்னிக்கலாமா என்று கேட்கிறார் கிளிஃபர்டு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்றும் சொல்கிறார். ஏனென்றால், நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை.

'நம்புவதற்கு உரிமை' என்ற அந்தப் பேச்சு எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. நம்பிக்கை அவரவர் மனத்துக்குள் இருப்பது அல்லவா? அதற்கு யாரிடம் உரிமை கேட்பது? யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. என் நம்பிக்கைக்கு நானே விலை கொடுக்கும் வரையில் அது என் சொந்த விவகாரம். நான் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கலாம். வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் அங்காரகனைக் கும்பிட்டு வரலாம். பசி என்னுடையது; ரயில் சத்தமும் என்னுடையது. 2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்மவர்கள் மங்கள்யான் விண்கலத்தைச் செவ்வாய்க்கு ஏவினார்கள். அதற்கு முன் இஸ்ரோ தலைவர் திருப்பதிக்குப் போய் வணங்கிவிட்டு வந்தார். சிலர் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. அந்தக் கும்பிடுக்கு வேறு யாரும் விலை கொடுக்கவில்லை. அதோடு, ஏவிய நாளும் ஒரு செவ்வாய்க்கிழமை! நல்ல காரியத்தைச் செவ்வாய்க்கிழமை தொடங்காத வீடுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. அந்தக் கலம் 2014 செப்டம்பர் 24ஆம் தேதி போய்ச் சேர்ந்து, ஆறு மாதத்துக்கென்று அனுப்பியதற்கு 2022 வரையில் உழைத்தது.

என் நம்பிக்கைக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார் என்னும்போதுதான் விவகாரம் மாறுகிறது. அப்போது, 'எச்சரிக்கை' என்று நான் சொல்வது என் எச்சரிக்கை. நஷ்டம் மட்டும் அவருடையது. அந்த இடத்தில் சாட்சியம் கேட்பது வெறும் புத்திசாலித்தனம் அல்ல, கடமை.

"முப்பத்தைந்து வருஷம் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயை ஒப்புக்கொண்டதில்லை என்பார்களே உங்களை" என்றேன். "இதை மட்டும் எப்படி சார் ஒப்புக்கொண்டீர்கள்?"

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பூங்காவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். குழந்தைகளை வீட்டுக்குக் கூப்பிடுகிற குரல்கள் கேட்டன.

"எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பையனுக்குப் பெண் பார்த்தோம் சார்" என்று மெல்ல ஆரம்பித்தார். "எல்லோருக்கும் பிடித்திருந்தது. பையனுக்கும் பிடித்திருந்தது. பெண்ணுக்குச் செவ்வாய் என்று ஜோசியர் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். பெண்ணின் அப்பா ஒரு நாள் நேரில் வந்தார். ஏதாவது பரிகாரம் செய்யலாமா என்று கேட்டார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பெண்ணின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்பதே சந்தேகம். என் தொடர்கதை ஒன்றில் ஒரு கதாநாயகி உண்டு. அவளுக்குச் செவ்வாய் தோஷம். எல்லோரும் தடுத்தும் கேளாமல் ஒருவன் அவளை மணக்கிறான். ஐந்தாவது அத்தியாயத்தில் அவன் இறந்துபோகிறான். அந்தச் சாவுக்கு எந்தக் காரணமும் நான் காட்டவில்லை. காட்டத் தேவையிருக்கவில்லை, வாசகர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். அந்த வாரம் வந்த கடிதங்களைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். எத்தனை வீடுகளில் அந்தக் கதையும் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டதோ, எனக்குத் தெரியாது. எகிப்தில் நாய் செத்ததாகச் சொன்ன அந்தக் குடியானவரைவிட நான் எந்த விதத்தில் உயர்ந்தவன்? அவராவது ஒரு நாயோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மாலை நண்பர் வந்தார். பத்திரிகைக்குக் கொடுத்திருந்த மணமகன் தேவை விளம்பரத்தில், 'செவ்வாய் தோஷம் உள்ள வரன் மட்டும்' என்று இருந்த வரியை எடுத்துவிடும்படி மகளிடம் சொன்னாராம்.

"அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"'அந்த வரியை நான் எழுதவில்லையே அப்பா' என்றாள் சார். வேறொன்றும் சொல்லவில்லை."

ஜாதகத்தைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். எழுபது வயது மனிதர் ஒரு மாலையில் மாறிவிட மாட்டார். கதையில்தான் அப்படி மாறுவார்கள். ஒரு வரியை எடுத்தார். அதற்கு வவுச்சர் இல்லை என்று கண்டுகொண்டார். அவ்வளவுதான்.

கல்கத்தாவில் இருக்கிற அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் பக்கத்தில் நூற்றுப் பதினெட்டு வருஷம் இருந்த ஒரு சொல்லைப் பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன். 'தெரியாது' என்ற சொல். ஒரு கல்லுக்கு நாம் காட்டிய அந்த மரியாதையைப் பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் காட்டலாம். அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. வேறொருவர் விலை கொடுக்கப்போகிறார் என்ற நினைவு இருந்தால் போதும்.